889 பெண்களையும் சொல்லுங்கள்

டர்பன் விஞ்ஞானி குவாரைஷா அப்துல் கரீமின் ஆய்வுத்தாள்களையும் ஆய்வுகளின் தாக்கத்தை அளக்கும் எச்-குறியீட்டையும் அடுக்கியிருக்கிறது உங்கள் கட்டுரை. சரி, 20 தாள்கள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் குறியீடு 20. ஆனால் 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவரது டெனோஃபோவிர் ஜெல் (எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கப் பெண்கள் பயன்படுத்தும் மருந்து ஜெல்) ஆய்வு ஒன்றையே பாருங்கள். எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அந்த மாற்றுமுடிவைச் சொல்லும் தாள் முதல் ஆய்வைக் குறிப்பிட்டால், அதுவும் மேற்கோளாகவே எண்ணப்படும்!

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டில், என் மகள் அச்செடுத்து வைத்த அந்த 2010 ஆய்வுத்தாளின் பிரதியில் ஆசிரியர் பெயர்களை விரல் வைத்துப் படித்தேன். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்று, மாதாமாதம் மருத்துவமனைக்கு வந்து, பயன்படுத்திய ஜெல் குழாய்களைத் திருப்பிக் கொடுத்த குவாசுலு-நட்டால் மாகாணப் பெண்கள் 889 பேர். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது சேருங்கள் ஐயா.