கறுப்புத் துணிக்குக் கீழே ஒரு வளவு

போன சித்திரையில் எங்கள் வீட்டு வளவில், அதாவது வானம் பார்த்த நடுமுற்றத்தில், ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான படப்பிடிப்பு மூன்று நாள் நடந்தது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் தெருவில் படம் பிடிக்காத வீட்டைத்தான் தேட வேண்டும். காலை ஆறரைக்கு ஜெனரேட்டர் வண்டி வந்தது. ஏழு மணிக்கு நான்கு பேர் மாடியேறி, வளவுக்கு மேலே இருக்கிற கம்பிக் கிராதியின் மீது கறுப்புத் துணியை விரித்துக் கட்டினார்கள். ஏழேகாலுக்கு வீட்டுக்குள் இருட்டிவிட்டது. அதன் பிறகு, அந்த இருட்டுக்குள் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து பகலை உண்டாக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே வாடகைப் பகல். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் முறைவைத்துச் செய்துகொண்டிருந்தேன்.

மதிய இடைவேளையில் ஒளிப்பதிவாளரிடமே கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். மாமியார் பேசுவதைக் காலை ஒன்பதுக்கு எடுக்கிறார்கள். மருமகள் பதில் சொல்வதைப் பிற்பகல் மூன்றுக்கு எடுக்கிறார்கள். இடையில் வெயில் நகர்ந்துவிடும், மேகம் வந்துவிடும். ஆனால் திரையில் இருவரும் ஒரே நிமிடத்தில் சண்டை போட்டாக வேண்டும். துணி போட்டுவிட்டால் நாள் முழுவதும் ஒரே நேரம். அன்றைய கணக்கை அன்றே முடிக்காவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். தவிர, வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பவர்களுக்காக எந்த முகமும் இருட்டில் இருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவாம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவர்கள் ஆட்களில் ஒருவர் பட்டியல் தொங்கவிட ஆணி அடித்ததில், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து மெழுகிய சுவரில் தட்டளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்ததும் பொய் இல்லை. அந்தப் பூச்சை அதே வழவழப்போடு திரும்பப் போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். அது தனிக் கதை.

அந்தத் தொடரைப் பிறகு டிவியில் பார்த்தேன். எங்கள் வளவு என்று சொன்னால்தான் எனக்கே தெரிந்தது. சமையல்கட்டு, கோயில், மருத்துவமனை எல்லாவற்றிலும் ஒரே வெளிச்சம். தேக்குத் தூணுக்கு நிழல் இல்லை, மூக்குக்கும் நிழல் இல்லை.

தொலைக்காட்சி என்றால் இப்படித்தான் இருக்கும், காசு இல்லை, நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா.

2000ஆம் ஆண்டையொட்டி சன் தொலைக்காட்சியில் அவர் இயக்கிய 'கதை நேரம்' வந்துகொண்டிருந்தது. 52 தமிழ்ச் சிறுகதைகள். ஏறக்குறைய அதே நடிகர்களே வாராவாரம் வேறு வேறு மனிதர்களாக வந்தார்கள். பெரிய செட் கிடையாது. யாரோ ஒருவர் குடியிருக்கிற வீடு, ஒரு மாடிப்படி, ஒரு ஜன்னல். ஆனால் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது! ஜன்னலுக்கு அருகில் இருந்தவரின் ஒரு கன்னம் தெரிந்தது, மறு கன்னம் தெரியவில்லை. தெரியாத கன்னத்தில்தான் கதை இருந்தது. எங்கள் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு சினிமா பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்த வார்த்தையை நான் நம்புகிறேன்.

எல்லாக் கதையும் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். சில வாரங்கள் வறண்டு கிடந்தன. அந்த ஜன்னலோர முகமே ஒரு கட்டத்தில் அவருக்குப் பழக்கதோஷமாகிவிட்டது என்றுகூடச் சொல்வேன். ஆனால் சின்னத் திரைக்கு என்று அவர் கண்ணைச் சின்னதாக்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். எங்கள் ஐயாமார்கள் கப்பலேறிச் சிலோனுக்குப் போய்ப் பணம் கொண்டுவந்தார்கள்; அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த சொத்துகளில் எனக்குப் பிடித்தது இவர்தான். பள்ளிச் சுற்றுலாவில், இலங்கையில் நடந்த ஆங்கிலப் பட இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தொடக்கம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 1974இல் மலையாளத்தில் 'நெல்லு'. 1977இல் கன்னடத்தில் தானே இயக்கிய 'கோகிலா', அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. 1978இல் இயக்குநர் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. தமிழில் அவர் கேமரா பிடித்த முதல் படம் அது. தெலுங்கில் 'சங்கராபரணம்' அவர் ஒளிப்பதிவுதான். மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி'யும் அவர் பிடித்ததுதான். 1982இல் 'மூன்றாம் பிறை'க்கு ஒளிப்பதிவுக்கான இரண்டாவது தேசிய விருது. நான்கு மொழியிலும் வேறு வேறு ஊர், வேறு வேறு மழை. ஆனாலும் பத்து நிமிடம் பார்த்தால் யார் கேமரா என்று சொல்லிவிடலாம்.

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலின் உச்சம் 1988இல் வந்த 'வீடு'. ஊட்டிப் பனி இல்லை, பாட்டு இல்லை. சென்னையில் நடுத்தர வர்க்கப் பெண் ஒருத்தி சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான். அரைகுறையாக எழும்பி நிற்கிற அந்த வீட்டைத் தாத்தா தனியாகப் போய்ப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. சொக்கலிங்க பாகவதர் அந்தப் பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். ஜன்னல் இன்னும் பொருத்தாத ஓட்டைகள், அவற்றின் வழியாக வருகிற சாதாரண வெயில். அதை அழகுபடுத்த வேண்டும் என்று ஒளிப்பதிவாளருக்குத் தோன்றவே இல்லை. அந்த அடக்கத்துக்குத்தான் நான் தலைவணங்குகிறேன். எங்கள் வீட்டில் பங்காளிகள் ஒன்பது பேர். அறைகளை எண்ணி முடித்தவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அப்பச்சி, ஒரு சின்ன வீட்டுக்காக அந்தப் படத்தைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பாலு மகேந்திரா தூர்தர்ஷனுக்காக 'சந்தியா ராகம்' எடுத்தார். அதிலும் அதே பாகவதர், அதே சாதாரண வெளிச்சம். ஆக, தொலைக்காட்சி அவருக்குப் பின்னாளில் வந்த பிழைப்பு இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் கலர் படச்சுருளின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 100 அளவில்தான் இருந்தது. இன்றைய டிஜிட்டல் சினிமா கேமரா சாதாரணமாகவே 800இல் வேலை செய்கிறது. 100, 200, 400, 800. ஒவ்வொரு படியும் இரட்டிப்பு. ஒளிப்பதிவாளர்கள் பாஷையில் மூன்று ஸ்டாப். எட்டில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தால் இன்றைக்குப் போதும். எட்டு மடங்கு வெளிச்சம் கேட்ட சுருளை வைத்துக்கொண்டு அவர்கள் ஜன்னலை நம்பினார்கள். எட்டில் ஒரு பங்கு போதும் என்கிற கேமராவை வைத்துக்கொண்டு நாம் வளவை மூடி ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். இதற்கு மேல் என்ன சொல்ல?

இத்தனைக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குள் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடிப் பக்கம் சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கிராதியின் கட்டங்கள் அப்படியே நேர்கீழே வளவுத் தரையில் அச்சாகும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அதே கட்டங்கள் நகர்ந்து வடக்குத் தாழ்வாரத் தூண்களில் ஏறும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பார்கள்; அந்த மினுமினுப்பு தரைக்கு அப்படித்தான் வருகிறது. வளவில் விழுகிற வெயில் அதில் பட்டு எழும்பி, நடப்பவரின் முகத்தைக் கீழிருந்து மெல்லத் தொடும். சினிமாக்காரர்கள் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலையை எங்கள் தரை நூறு ஆண்டாகச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

எங்கள் அப்பத்தாவுக்கு இது தெரியும். வற்றல் காய வைத்த முறத்தை மணிக்கொருதரம் நகர்த்தி வைப்பார். கடிகாரம் பார்த்ததே இல்லை. வெயில் எந்தத் தூணுக்கு எப்போது வரும் என்பதை ஒரு ஒளிப்பதிவாளர் அவரிடம் கேட்டிருக்கலாம்.

கேட்கிற ஆள் ஒருவர் வரத்தான் செய்தார், அப்பத்தா போன பிறகு. ஆவணிக் கடைசியில் தொலைக்காட்சிக்கு அரைமணி நேரக் கதை ஒன்று எடுக்க இளைஞர் ஒருவர் வந்தார். படப்பிடிப்புக்கு முதல் நாளே வந்து, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை வளவு ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். காசு கொடுத்துவிட்டு ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்னிடம் வந்து கவலைப்பட்டார். மறுநாள்தான் புரிந்தது. எந்த வசனம் எந்த மணிக்கு எந்தத் தூணோரம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். இரண்டு நடிகர்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கேமராவில் எடுத்ததால் வெயில் நகர்கிற தகராறே வரவில்லை. மேகம் வந்தால் நிறுத்தி டீ குடித்தார்கள். இரண்டு தெர்மாகோல், ஒரு வெள்ளை வேட்டி. ஆமாம், வேட்டிதான், கடுமையான வெயிலை மென்மையாக்கக் கட்டினார்கள். இரண்டு நாளில் முடிந்தது. ஒரு ஆணி அடிக்கவில்லை.

ஆக, சிக்கல் காசில் இல்லை என்பது என் கட்சி. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பெரிய திரை மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. பஞ்சாயத்துப் பெரியவர் வீடு, வில்லன் வீடு, பெண் பார்க்கிற வீடு, எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் முகப்புதான். மஞ்சளை அள்ளிப் பூசி அனுப்புகிறார்கள். விதிவிலக்கு என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. ரவி கே. சந்திரனின் கேமராவில் அந்த வீடு பிரம்மாண்டமாகவும் தெரியும், அந்தக் குடும்பம் அதை இழக்கப்போகிற துக்கமும் மூலைகளில் தெரியும். பளபளப்பு கொஞ்சம் கூடுதல்தான். மன்னித்துவிடலாம்.

சினிமா எங்களுக்கு விருந்தாளியும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏவி.எம். ஸ்டுடியோ வடபழனிக்குப் போகும் முன் காரைக்குடியில்தான் இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே கொட்டகை போட்டு எடுத்த படம். அன்றைக்கே இந்த ஊர் வெயிலோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் இருந்தார்கள்.

தை மாதம் வேறொரு தொடர்க்காரர்கள் வீட்டைக் கேட்டிருக்கிறார்கள். வளவை மூடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, ஒளிப்பதிவாளர் முதல் நாளே வந்து ஒரு பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அந்த நாளுக்கு வாடகை வேண்டாம் என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டிருக்கிறேன். எட்டுப் பேரில் ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். சென்னையில் இருக்கிறவர் வாடகை ஏன் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கிறவர் இன்னும் பார்க்கவில்லை.