பியூஜி ஆப்பிளின் மறந்துபோன பெற்றோர்
பியூஜி ஆப்பிள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதன் இனிப்பெல்லாம் ரெட் டெலிஷியஸ் என்ற சிவப்பு ஆப்பிள் ரகம் தந்தது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் பியூஜி இரண்டு ரகங்களைக் கலந்து பிறந்தது; அந்தக் கலப்பில் இன்னொரு பெற்றோரும் உண்டே! ரால்ஸ் ஜேனட் என்ற பழைய அமெரிக்க ரகம், வர்ஜீனியா மாநிலத்துக்காரி.

இந்த மரத்தின் குணம்தான் முக்கியம். மற்ற ரகங்களைவிடத் தாமதமாகப் பூக்கும். வசந்தத்தின் கடைசி உறைபனி மற்ற மரங்களின் பூவைக் கருக்கினாலும் இது தப்பித்துக் காய்த்துவிடும். பறித்த பழம் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குறையும் உண்டு: பழம் சிறிது, நிறமும் மங்கல். கடையில் ரெட் டெலிஷியஸ் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பான் போன இந்த ரகம் அங்கே 'கொக்கோ' என்ற பெயரில் வடக்கே உள்ள ஆவோமோரி மாகாணத்துத் தோட்டங்களில் நிலைத்தது. 1939இல் அதே ஆவோமோரியின் ஃபுஜிசாகி ஆய்வு நிலையத்தில் இதையும் ரெட் டெலிஷியஸையும் கலந்தார்கள். அந்த விதையில் முளைத்த கன்றுகளில் ஒன்றுதான் 1962இல் பியூஜி என்று பெயர் பெற்றது. விதைக்கன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்பதால் தேர்ந்தெடுக்கவே இத்தனை வருடம். இன்று பியூஜி மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்று மெச்சும்போது கொக்கோவுக்கும் அதில் பங்கு கொடுங்கள்.