பேலிக்ஸ் கேட்ட அவகாசம்
தேவன் பொறுமையுள்ளவர் என்பதால் மனந்திரும்புதலுக்கு அவசரம் தேவையில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, தாராவியில் உள்ள தமிழ்ச் சபையொன்றின் அங்கத்தினனாகிய நான் மிகுந்த கவலையோடு வாசித்தேன். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துக் காவலில் இருந்த அப்போஸ்தலனாகிய பவுல் பேசியபோது, ரோம தேசாதிபதியாகிய பேலிக்ஸ் பயமடைந்து, சமயம் கிடைக்கும்போது அழைப்பிப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டதை வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரம் கூறுகிறது. அதன்பின் அவன் பவுலைப் பலமுறை அழைத்துப் பேசினான் என்பதையும், பணம் கிடைக்கும் என்னும் எண்ணத்தோடே அப்படிச் செய்தான் என்பதையும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் வாய்ப்பு இருந்தும், முதல் நாளின் பயம் அவனுக்கு மறுபடி வந்ததாக வேதம் சொல்லவில்லை. இந்த மரத்துப்போதலுக்கே நான் மிகவும் அஞ்சுகிறேன். லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், கனி கொடாததால் வெட்டப்படவிருந்த அத்திமரத்துக்குக் கிடைத்த தவணையும் ஒரே ஒரு வருஷம்தான்.

திருநெல்வேலியில் இருந்த தம் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் தந்தையார் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களாகிய லெந்து காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார். சித்தப்பாவின் மரணச் செய்தி கேட்டு ரயிலேறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.