கோட்டையின் ஐந்து மூலை மாந்திரீகக் குறியல்ல

"மாந்திரீகச் சக்கரத்தைப் பார்த்துத்தான் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் கோட்டையை ஐந்து மூலையாகக் கட்டினார்கள்" என்று, மேலிருந்து எடுத்த படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே பிழை. போர்த்துக்கேயர் கட்டியது சதுரக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர்தான் பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர்.

அந்த வடிவம் பீரங்கிக்கானது. நேர்ச்சுவரின் அடியில் எதிரி ஒட்டி நின்றால் மேலே நிற்பவன் கண்ணில் படமாட்டான். மூலைதோறும் கூராக வெளியே நீளும் கொத்தளத்தில் நின்றாலோ, பக்கத்துச் சுவரின் அடி முழுவதும் சுடுவீச்சுக்குள் வந்துவிடும். படத்தில் நட்சத்திரம் போலத் தெரிவது அகழிக்கு அப்பாலுள்ள வெளியரண், 1792இல்தான் முடிந்தது. மூன்றே வருடத்தில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள்: அது நம் கடலின் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல்.