எல்லைச்சாமி பேசுகிறேன்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டெக்சஸிலிருந்து வெர்மான்ட் வரை நம் பைக் குரூப் போன ரைடில், செயின்ட் லூயிஸில் ஒரு கேஸ் ஸ்டேஷன். மழைக்கோட்டு போட்ட தொப்பை ஆசாமி ஒருவன் பைக்கின் பக்கப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்திருக்கிறான். பின்னணியில் உடுக்கைச் சத்தம், மேலே ‘எல்லைச்சாமி’ என்று கொட்டை எழுத்து. பதினேழு விநாடி. அந்தத் தொப்பை என்னுடையது.

முதல் நாள் நானும்தான் சிரித்தேன். மூன்றாம் நாள் என் மனைவியின் அலுவலகத் தோழி "உங்க வீட்டுக்காரர்தானே இது?" என்று அவளுக்கே அனுப்பிய பிறகு சிரிப்பு வரவில்லை. அதனால் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். பதினேழு விநாடிக்கு மேல் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். கைத்துப்பாக்கியை அன்று காலையிலேயே மோட்டல் அறையில் வைத்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலுக்குள்ளும் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தப் பெட்டியின் கம்பி வடத்தை பேனியருக்குள், அதாவது பைக்கின் பக்கப் பெட்டிக்குள், இருக்கும் கொக்கியில் சுற்றி, பேனியரையும் பூட்டினேன். தோட்டாக்கள் மறுபக்கப் பேனியரில், வேறு பூட்டில். சாவி என் கழுத்தில். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாய்.

மறுபடி மறுபடி சொல்கிறேன், காது புளித்தாலும் பரவாயில்லை: துப்பாக்கி லைசென்ஸ் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி கிடையாது. டெக்சஸில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு மெய்ன் வரைக்கும் ஓட்டலாம், ஒருவனும் கேட்க மாட்டான். துப்பாக்கி லைசென்ஸை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசூரியில் 2017-லிருந்து லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆற்றைத் தாண்டினால் இல்லினாய் என் டெக்சஸ் லைசென்ஸை மதிப்பதில்லை. அதே இடுப்பு, அதே துப்பாக்கி, அதே நான். நடுவில் ஒரு பாலம்.

"வெளிமாநிலத்துக்காரன் வண்டிக்குள் மறைத்து வைத்துக்கொள்ள இல்லினாயே அனுமதிக்கிறதே அண்ணே" என்று ஒருவர் கமென்ட்டில் சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தெரியும் தம்பி, நானும் படித்தேன். காருக்கு உள்ளே என்று ஒன்று உண்டு. பைக்குக்கு எது உள்ளே? என் இடுப்பு வண்டிக்குள் இருக்கிறதா, வண்டிமேல் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் வக்கீலுக்குக் காசு கொடுத்து விடை தேடும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் கணக்கு எளிமையானது. 1986-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி சரியாக உள்ள இடத்திலிருந்து, அதே போல் சரியாக உள்ள இன்னொரு இடத்துக்குப் போகும்போது, நடுவில் உள்ள மாநிலம் எதுவானாலும் கடந்து போகலாம். ஆனால் தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பைக்கில் டிக்கி ஏது? அதனால்தான் பெட்டி. தோலில் செய்த பை, பக்கிள் போட்டாலும் பூட்டாகாது. புறப்பட்ட இடம் டெக்சஸ், போய்ச் சேரும் இடம் வெர்மான்ட். மறைத்து வைத்துக்கொள்ள லைசென்ஸ் என்ற ஒன்றையே கேட்காத மாநிலம் அது. இடையில் ஏழு மாநிலங்கள், மொத்தம் 1,800 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. செயின்ட் லூயிஸில் பூட்டியதை வெர்மான்ட் போய்ச் சேரும்வரை திறக்கவில்லை.

இப்போது நியூயார்க் ராத்திரிக்கு வருகிறேன். உங்கள் உண்மையான கோபம் அங்கேதான் என்று எனக்குத் தெரியும்.

திட்டத்தில் இல்லாத தங்கல் அது. பென்சில்வேனியாவைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது, தூறல் வேறு. நியூயார்க்கில் ஹட்சன் நதிப் பக்கம் மோட்டல் போடலாம் என்றார்கள் குரூப்பில். நான் மாட்டேன் என்றேன். ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கமே தங்குவோம், இல்லை ஒரே மூச்சில் வெர்மான்ட் போய்விடுவோம் என்றேன். "உனக்காக பத்துப் பேர் நனையணுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் யாரையும் நனையச் சொல்லவில்லை. நான் மட்டும் போனேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டில், மழையில், தனியாக. நடுவில் பெட்ரோலுக்கு மட்டும் நின்றேன். நான் கோபித்துக்கொண்டு போனதாகக் கதை பரவியிருக்கிறது. கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

ஏன் தங்கவில்லை? 2005-ல் யூட்டாவிலிருந்து ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போகிறார். துப்பாக்கியை முறைப்படி சொல்லிப் பெட்டியில் பூட்டித்தான் அனுப்பினார். நியூஜெர்சி மாநிலத்தின் நூவர்க்கில் அடுத்த விமானத்தைத் தவற விடுகிறார். ராத்திரி ஹோட்டலில் தங்குகிறார், பெட்டியோடு. காலையில் விமான நிலையத்தில் தானாகவே "துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்கிறார். கைது. குற்றச்சாட்டைப் பிறகு கைவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஹோட்டலில் இருந்தபோது பெட்டி உன் கைக்கெட்டும் இடத்தில்தானே இருந்தது, அப்போது அந்த 1986 சட்டம் உன்னைக் காப்பாற்றாது என்றது. அது நியூஜெர்சி, இது நியூயார்க், வேறு நீதிமன்றம் என்று பாயின்ட் பேசாதீர்கள். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே அவர்கள் லைசென்ஸ் வேண்டும். வேறு எந்த மாநில லைசென்ஸையும் அவர்கள் ஏற்பதில்லை.

"2022-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தாச்சே!" வந்தது. லைசென்ஸ் கேட்பவனிடம் தனிப்பட்ட காரணத்தை நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்று நியூயார்க்குக்குச் சொன்னது. டெக்சஸ்காரனின் லைசென்ஸை ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை. தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு கிளம்புபவர்களிடம் என்ன பேசுவது.

அடுத்த வகை விமர்சகர், என்னை அதிகம் எரிச்சலூட்டுபவர்: "மறைச்சு வெச்சா யாருக்குத் தெரியப் போகுது?" இதைச் சொல்வது துப்பாக்கிப் பிரியர்கள். என் பக்கம் நிற்க வேண்டியவர்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்தவர், 2013-ல் நியூஜெர்சிக்குள் காரில் போனார். போலீஸ் நிறுத்தியதும் தானே சொன்னார், துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி என்று நினைத்துவிட்டார், பாவம். மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை என்ற நிலையில் நின்றார். 2014-ல் வழக்கு விசாரணைக்குப் பதிலாக ஒரு மாற்றுத் திட்டத்தில் சேர அனுமதித்ததால் சிறையிலிருந்து தப்பினார்; 2015-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பும் கொடுத்தார். கவர்னர் மன்னிப்பு எல்லோருக்கும் கிடைக்குமா? எனக்குக் கிடைக்குமா?

எனக்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பதினோரு வருடம் எச்1பி வேலை விசாவில் இருந்தவன். அப்போது துப்பாக்கி வைத்திருப்பது எனக்கு மத்தியச் சட்டப்படி குற்றம், வேட்டை உரிமம் மாதிரி ஒரு சில விலக்குகள் தவிர. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரனை நாடு கடத்தலாம். இங்கேயே பிறந்தவன் மாட்டினால் வக்கீல், அபராதம், மிஞ்சிப் போனால் சிறை. நான் மாட்டினால் அதெல்லாம் முடிந்த பிறகு விமான டிக்கெட். என் மகள் இந்த ஊரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

ஓக்லஹோமா மோட்டலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? விசாவில் இருக்கும் தம்பி ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், "அண்ணே ஒரு செகண்ட் கொடுங்க, போட்டோ எடுத்துட்டுத் தர்றேன்" என்றார். முடியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "ரொம்பத்தான் பண்றார்" என்று கதவுக்கு வெளியே சொன்னது உள்ளே கேட்டது. தம்பி, அந்தப் போட்டோ உன் ஃபேஸ்புக்கில் ஏறியிருந்தால் அது உனக்கு எதிரான சாட்சி. நீயே எடுத்து, நீயே தேதி போட்டு, நீயே சிரித்துக்கொண்டிருக்கும் சாட்சி. குரூப்பில் சுற்றும் எல்லைச்சாமி ஸ்டிக்கரை முதலில் செய்ததும் நீதான் என்று கேள்விப்பட்டேன்.

"இவ்வளவு தலைவலி என்றால் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதுதானே, ஊர் சுற்றப் போகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு?" இதுவும் வந்திருக்கிறது, நிறைய. நான் வைத்திருப்பதே தப்பு என்று நினைப்பவர்களோடு இந்தப் பதிவில் சண்டை போட மாட்டேன். 2022-ல் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த யுவால்டி இருக்கும் மாநிலத்தில் வசிக்கிறேன், மகள் பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை நடக்கும் நாளன்று வீட்டில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மேற்கு டெக்சஸில் ஒரு ராத்திரி பின் டயர் பஞ்சராகி நின்றபோது, விளக்கை அணைத்த பிக்கப் டிரக் ஒன்று மூன்று முறை மெதுவாக என்னைக் கடந்து போனது. மூன்றாவது முறை கண்ணாடியை இறக்கி ஒருவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. போய்விட்டார்கள். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத ராத்திரிக்கு அப்புறம்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். 'பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அந்த ராத்திரியில் அது எதற்கு உதவும்?' என்று என் மனைவியும் கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் தாத்தாவிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கிய லைசென்ஸ். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டுவார். ஆனால் சைக்கிளில் ஏற மாட்டார், ஆறு மைலும் தள்ளிக்கொண்டே நடப்பார். "ஏறி மிதிச்சாத்தான் என்ன தாத்தா?" என்று கேட்டேன். "விழுந்துட்டா?" என்றார். ஸ்டேஷனில் கொடுத்த ரசீதை டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்துக்கு மேலே வைப்பார். ஊரில் அவரையும் சிரித்தார்கள். பத்து நாளைக்கு ஒப்படைக்காமல் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்போதும் ஒரு கூட்டம் சொன்னது.

ஒன்றை இதுவரை குரூப்பில் சொல்லவில்லை. ஒஹையோவில் என்னை ட்ரூப்பர், அதாவது மாநிலப் போலீஸ்காரர், நிறுத்தினாரே, நீங்கள் எல்லோரும் முன்னால் போய் ஒரு மைல் தள்ளி நின்று "எல்லைச்சாமிக்குப் பூஜை நடக்குது" என்று ஆடியோ போட்டீர்களே, அப்போது. எஞ்சினை அணைத்தேன். கையுறையைக் கழற்றலாமா, கழற்றினால் கை அசையுமே என்று யோசித்து, கழற்றாமல் இரண்டு கையையும் டேங்க்மேல் வைத்தேன். கண்ணாடியில் அவர் நடந்து வருவது தெரிந்தது. என் தலையில் ஓடியது ஃபிலாண்டோ காஸ்டில். 2016, மின்னசோட்டா. லைசென்ஸ் இருந்தது. போலீஸ்காரரிடம் மரியாதையாக, துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். சுட்டுவிட்டார்கள். காரில் அவருடைய தோழியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்டவர் அடுத்த வருடம் விடுதலை.

ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று ட்ரூப்பர் கேட்டார். "இருக்கிறது சார், தோட்டா இல்லை, இடது பேனியரில் பூட்டிய பெட்டிக்குள், சாவி என் கழுத்தில்" என்றேன். ஒரே மூச்சில் வந்தது, வீட்டில் கண்ணாடி முன்னால் பல முறை சொல்லிப் பழகியிருந்தேன். அவர் பேனியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாவியை அங்கேயே விடு" என்றார். வேகத்துக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, நல்லபடியாகப் போ என்று அனுப்பினார். நல்ல மனிதர். இடுப்பில் இருந்தாலும் அவர் அப்படியே நடந்திருக்கலாம். இருந்திருக்கலாம். நான் உங்களிடம் வந்து சேர்ந்தபோது தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, கை அப்படி ஆடியது. அதையும் யாரோ குளிர் என்றார்கள், நானும் ஆமாம் என்றேன்.

பயந்தாங்கொள்ளி என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம். வேறென்ன சொல்ல.

வசந்த கால ரைடுக்குத் தனியாக ஒரு புது குரூப் தொடங்கியிருப்பதாகக் காதில் விழுந்தது. என்னைச் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. பழைய குரூப்பிலிருந்து நான் வெளியேறப் போவதும் இல்லை, எட்டு வருடப் பழக்கம்.

அந்த ஸ்டிக்கரை வைத்துக்கொள்ளுங்கள். மீசையும் அரிவாளும் எனக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வீடியோவின் ஒன்பதாவது விநாடியில் என் நம்பர் பிளேட் முழுசாகத் தெரிகிறது. எந்த வண்டியின் எந்தப் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே முகவரி கொடுத்திருக்கிறீர்கள். அதை மட்டும் மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். உடுக்கைச் சத்தம் இருக்கட்டும்.