பூட்டு யாருக்கு?

பதினெட்டு வயதாகாதவர்கள் கையில் ‘முதிர்ந்த’ (பெரியவர்களுக்கான) நூல்கள் சிக்காதபடி நூலகங்கள் அவற்றைத் தனியே பூட்டிவைக்க வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அமெரிக்காவின் ஐடஹோவில் 2024 ஜூலையில் அப்படி ஒரு சட்டம் வந்தது. புகார் எழுந்த 60 நாட்களுக்குள் நூலை இடம் மாற்றாவிட்டால் வழக்கு. அங்குள்ள டானலி என்ற சிற்றூரின் நூலகமோ மரத்தாலான சிறிய வீடு. பிரித்து வைக்க இடமில்லாமல் பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டது. பாதுகாக்கப் போய்ப் பிள்ளைகளையே வெளியே நிறுத்தியாயிற்று!

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் கிளை நூலகமும் ஒற்றை அறைதான். நாளிதழ் மேசைக்கும் சிறுவர் நூல்களுக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி. இருக்கிற ஒரே நூலகர் பதிவேட்டை எழுதுவாரா, ஒன்பதாம் வகுப்புப் பையன் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறான் என்று எட்டிப்பார்ப்பாரா?

சின்னஞ்சிறுசுகளுக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. என் மகள் எதைப் படிக்கலாம் என்பதையும் நான் பார்த்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்க என்னை யார் நாட்டாமை ஆக்கியது? திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் எதிர்ப்பாளர்களிடம் பட்ட பாட்டைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். இன்னொரு புகார்ப்பட்டியல் வேண்டாம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அதில் சிறுவர் பிரிவுக்குத் தனி அறை கேட்டு எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.