கடிகார மரபணுவை விடுங்கள், டூட்டி சார்ட்டைப் பாருங்கள்

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பி, உடலின் 24 மணி நேரச் சுழற்சியை ஓட்டும் கடிகார மரபணுக்களைப் பார்த்து, மாரடைப்பு வருமா வராதா என்று தெரிந்துகொள்ளலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம். பிமால்1, கிரை2, மெலடோனின் (இரவில் சுரக்கும் தூக்க ஹார்மோன்) ஏற்பி மரபணு ஆகியவற்றின் சில வகைகளுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் தனித்தனியாக அவற்றின் தாக்கம் மிகச் சிறியது. ஒருவருக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க அது போதாது. பிபி, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), சர்க்கரை, புகைப்பழக்கம் நான்கும் அதைவிடப் பல மடங்கு அதிகம் சொல்லிவிடும்.

மரபணு கெட்டுப்போவதை விட, நல்ல கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று முரணாக ஓடுவதுதான் பெரும்பாலானவர்களின் சிக்கல். கிளாக், பிமால்1 என்ற இரு புரதங்கள் ஜோடி சேர்ந்து பெர், கிரை மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றின் புரதங்கள் சேரச் சேர, முடுக்கிய ஜோடியையே அடக்கிவிடுகின்றன. அடக்கிய புரதங்கள் சிதைந்ததும் சுற்று மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். (பழ ஈயில் இதன் அடிப்படையைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017 நோபல்.) தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைப்போதலாமஸில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களில் இருக்கிறது. இதயத் தசை, ரத்தக் குழாயின் உட்சுவர், கல்லீரல் எல்லாவற்றிலும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. மூளையுடையதை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலுடையதைப் பெரும்பாலும் சாப்பாட்டு நேரம். நள்ளிரவு 2 மணிக்குச் சாப்பிட்டால் மூளையில் ஒரு மணி, கல்லீரலில் வேறொரு மணி.

இதயத்துக்கு இது ஏன் முக்கியம்? ரத்தக்கட்டியைக் கரைக்க விடாமல் தடுக்கும் பிஏஐ-1 என்றொரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவைக் கடிகாரப் புரதங்களே நேரடியாக முடுக்குகின்றன. காலையில்தான் அது உச்சத்துக்குப் போகிறது. அதே நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், பிபி ஏறும், எழுந்து நின்றதும் அட்ரினலின் கூடும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். காலை 6 முதல் நண்பகல் வரை மாரடைப்பு அதிகம் என்று 1985லேயே பதிவானது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மற்ற நேரங்களைவிடச் சுமார் 40% கூடுதல். 1985 ஆய்வில் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் இந்தக் காலை உச்சம் தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுக் காலை நடையை நிறுத்திவிடாதீர்கள். பிஏஐ-1 ஏறுவது உள்ளிருந்து வருகிறது; படுத்தே கிடந்தாலும் ஏறும்.

இனி நைட் ஷிப்ட். 2012இல் வெளிவந்த தொகுப்பாய்வில் ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு 23% கூடுதல். இது ஒப்பீட்டு அளவு. நூறில் இருபத்துமூன்று பேருக்கு வரும் என்று படிக்கக் கூடாது. 2009இல் ஆய்வகத்தில் பத்துப் பேரின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் 12 மணி நேரம் வரை இடம் மாற்றியபோது, சராசரி பிபி 3% ஏறியது, சர்க்கரை 6% கூடியது. 2025இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: 20 பேரை இரவில் விழிக்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு பிஏஐ-1 உள்ளிட்ட இதய ஆபத்துக் குறிகள் மோசமாயின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சின்ன ஆய்வுதான், எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள்தான். ஆனாலும் செலவில்லாத வழி.

டூட்டிக்குக் கிளம்புமுன் வயிறாரச் சாப்பிடுங்கள். நள்ளிரவு முதல் காலை 6 வரை தண்ணீர் போதும். தாங்கவில்லை என்றால் கொஞ்சமாக ஏதாவது. டூட்டி முடிந்து, தூங்குமுன் லேசான காலை உணவு. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

டூட்டி சார்ட் போடுகிறவர்களுக்கும் ஒன்று: காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுங்கள். மனித உடலின் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். இரவிலிருந்து மதியத்துக்கும் மதியத்திலிருந்து காலைக்கும் இறக்குகிற சார்ட், வேலை செய்பவரின் உடலோடு மல்லுக்கட்டுகிறது. இதை நிர்வாக வசதி என்று விட்டுவிட முடியாது.

பிபி மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பு பாதியாகக் குறையும் என்று பரவியதே, அதை நம்பி நேரத்தை மாற்ற வேண்டாம். 2022இல் வந்த ‘டைம்’ என்ற ஆய்வில் 21,104 பேர். காலையோ மாலையோ, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே சரியான நேரம். சிறுநீரை அதிகம் போக வைக்கும் பிபி மாத்திரையை மட்டும் காலையில் வைத்துக்கொள்வது நல்லது, இரவில் எழுந்து நடந்து விழுகிற வயதானவர்கள் அதிகம். கொழுப்பு மாத்திரையில் சிம்வாஸ்டாடின் என்றால் இரவு; அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் எப்போதும் போடலாம்.

வீட்டில் பிபி பார்ப்பதாக இருந்தால், எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்தபின், மாத்திரைக்கும் உணவுக்கும் முன், ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. படுக்குமுன் அதேபோல இரண்டு முறை. ஏழு நாள் எடுத்து, முதல் நாளைக் கழித்துவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் பிபி பகலைவிட 10 முதல் 20% இறங்க வேண்டும். அதை 24 மணி நேரக் கருவிதான் காட்டும். இறங்காதவர்களுக்குக் குறட்டையோடு மூச்சுத் தடைபடுகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.